இரும்பு உருகிட்டா நாம தோத்துட்டோம்னு அர்த்தம்

போன வாரம் ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்து இலையில உக்காந்திருந்த மச்சான் ரசத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டாரு.

"ஏன் மாப்ள, தோட்டத்துல இரும்பு உருக்கறயாமா?"

"உருக்கலைங்க மச்சான். எடுக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

ஒண்ணில்லைங்க. ஒண்ணே இல்ல. ஆனா பாயசம் வர்றதுக்குள்ள அதைச் சொல்லி முடிக்க முடியல. அவரும், "கிலோ அறுபது எழுபது ரூவாய்க்குக் கம்பி கிடைக்கறப்ப உனக்கெதுக்கு இந்த வேலை"ன்னு ஒரு போடு போட்டுட்டுக் கைகழுவப் போயிட்டாரு.

அந்தக் கடுப்புல எழுதறதுதான் இது. கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எல்லாம் ஒரு ஸ்பீக்கர் காந்தத்துல ஆரம்பிச்சது. நீங்களும் சின்ன வயசுல பண்ணியிருப்பீங்க. பழைய ரேடியோவைப் பிரிச்சு (அப்பாகிட்ட அடி வாங்கி) அந்த வட்டக் காந்தத்தை நூல்ல கட்டி மண்ணுல இழுத்துட்டுப் போனா, முடி முளைச்ச மாதிரி கறுப்பா ஒட்டிக்கிட்டு வருமே, அதுதான். பேப்பர் மேல கொட்டி அடியில காந்தத்தை நகர்த்துனா எந்திரிச்சு நின்னு ஆடும். நாங்க அதை 'இரும்புத்தூள்'னு சொல்லுவோம்.

அது இரும்புத்தூள் இல்லைங்க. பெரும்பாலும் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் கட்டிப்பிடிச்சுட்டுக் கெடக்கற தாது. சுத்தமா இருந்தா எடையில 72 சதவீதம் இரும்புதான். அதாவது நான் அஞ்சாங்கிளாஸ்லயே தீப்பெட்டி நிறைய இரும்புத் தாது சேத்து வெச்சிருந்திருக்கேன். எவனும் சொல்லல.

நாப்பது தாண்டுன பின்னாடி ஒரு நாள் பிரான்சிஸ் புக்கானன் எழுதுனதைப் புரட்டிக்கிட்டிருந்தேன். 1800-01ல மைசூர்ல இருந்து கோயமுத்தூர்ப் பக்கம் வழியா மலபார் வரைக்கும் போயி, எங்க என்ன விளையுது, யாரு என்ன தொழில் பண்றாங்கன்னு கணக்கெடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர். மழைத்தண்ணி அடிச்சுட்டு வர்ற கருமணலை அலசி எடுத்து, சின்னச் சின்ன மண் உலையில இரும்பு எடுத்தவங்களைப் பத்தி அதுல வருது. கருமணல்! நம்ம தீப்பெட்டிச் சரக்கு!

எங்க தோட்டத்துல இருந்து பைக்கை எடுத்தா டீ ஆறுறதுக்குள்ள போயிர்ற தூரத்துல கொடுமணல் வேற. நொய்யல் கரையில தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985ல தோண்ட ஆரம்பிச்ச ஊரு. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் இதுதாங்கறாங்க. பாசிமணிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அங்க கிடைச்ச இரும்பு உலையும், சிட்டமும்தான் (இரும்பு எடுக்கறப்ப உருகி வழியற கசடு) கண்ணுல நிக்குது. சங்ககாலத்து ஆளு மண்ணையும் கரியையும் வெச்சுப் பண்ணுன வேலை, கையில செல்போனும் கரண்டும் இருக்கற என்னால முடியாதான்னு ஒரு மிதப்பு.

(முடியல. மூணு தடவை முடியல. அதுக்குத்தான் வர்றேன்.)

முதல்ல மணல் சேக்கற கதை. எங்க தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம் ஓடுது. மழை நின்னதும் வளைவுல கறுப்புக் கோடு கோடா மணல் படிஞ்சிருக்கும். அங்க காந்தத்தைப் போட்டேன். ஒட்டுச்சு. அப்படி ஒட்டுச்சு! ஆனா காந்தத்துல இருந்து அதைப் பிரிச்செடுக்கறதுக்குள்ள தாவு தீந்துருச்சு. சீப்பு, பிரஷ்ஷு, பழைய பல்லு விளக்கறது, எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு ஞாயித்துக்கெழமை போன பின்னாடிதான், பாத்துட்டு இருந்த எங்க பாப்பா, "அப்பா, கவருக்குள்ள காந்தத்தைப் போட்டுக்கலாமில்ல?"ன்னா.

கவருக்குள்ள காந்தம். மேல மணல் ஒட்டும். பக்கெட்டுக்கு மேல வெச்சு காந்தத்தை உள்ள இருந்து உருவுனா பொலபொலன்னு எல்லாம் விழுந்துரும். எட்டு வயசுப் புள்ளை. எனக்கு டிப்ளமா மெக்கானிக்கல்.

கடற்கரைக் கருமணல் கொண்டாரட்டுமான்னு தெக்கத்தி நண்பர் ஒருத்தர் கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். அதுல இல்மனைட் கலந்து கெடக்கும், அதாவது டைட்டானியம். சிட்டம் ஓடாம கூழா நிக்கும். அள்ளறதும் சட்டப்படி வம்பு. ஆத்து மணலுக்கும் அதே கதைதான், வண்டி வெச்சு அள்ளிட்டு என் பேரைச் சொல்லாதீங்க.

அடுத்து கரி. இந்த நாட்டுல சீமைக் கருவேல மரத்துக்கு நன்றி சொன்ன ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு வர்ற கரி. கெட்டியா, கனமா, நின்னு எரியும். கரிக்குப் பதிலா நிலக்கரி போடலாமான்னு கேக்காதீங்க. அதுல இருக்கற கந்தகம் இரும்புல ஏறிக்கும், அப்பறம் காய்ச்சி அடிக்கறப்ப வெடிப்பு விட்டுரும்.

மூட்டையை அப்படியே கொட்டவும் கூடாது. பெரிய நெல்லிக்காய்ல இருந்து எலுமிச்சங்காய் அளவுக்குள்ள உடைக்கணும். தூளைச் சலிச்சு எடுத்துரணும், இல்லைன்னா காத்து போற வழி அடைஞ்சிரும். இருபத்தஞ்சு கிலோ கரி உடைச்சுப் பாருங்க. மூணு நாளைக்கு மூக்கு சிந்துனா மை வரும். இரும்பு எடுக்கறதுங்கறது முக்கால்வாசி கரி உடைக்கறது. இதை எந்த வீடியோவுலயும் காட்ட மாட்டாங்க.

உலை கட்டறதுக்குப் பெயிண்ட் பக்கெட். சிரிக்காதீங்க. இருபது லிட்டர் பக்கெட்டை நேரா நிறுத்தி வெச்சு, அதைச் சுத்தி களிமண்ணும் மணலும் நறுக்குன வைக்கோலும் மிதிச்சுப் பிசைஞ்ச மண்ணை நாலு விரல் கனத்துக்கு அப்பணும். கொஞ்சம் இறுகுனதும் பக்கெட்டை மேல உருவி, மறுபடி அப்பணும். இப்படியே இடுப்பு உயரம் வர்ற வரைக்கும். உள்ளகலம் ஒரு அடிக்குக் கொஞ்சம் கம்மி, உயரம் மூணடி. அடியில சிட்டம் வெளிய விட ஒரு வாசல். தரையில இருந்து ஒரு சாண் மேல காத்துக்குழாய். அது நேராப் போகக் கூடாது, கீழ பாத்துச் சரிஞ்சு, ரெண்டு மூணு விரக்கடை உள்ள நீட்டிக்கிட்டு இருக்கணும்.

இப்ப தோல்விகள்.

முதல் தடவை ஊதறதுக்கு வீட்டம்மாவோட ஹேர் டிரையர். (அது இன்னும் தீராத பஞ்சாயத்து.) நாலு மணி நேரம் ஊதுனேன். கரி மெதுவா, ரொம்ப மரியாதையா எரிஞ்சுது. புகை பூரா பக்கத்துத் தோட்டத்து அக்கா காயப்போட்ட துணி மேல. சாயங்காலம் திறந்து பாத்தா, போட்ட மணல் போட்ட மாதிரியே, லேசா ஒட்டிக்கிட்டுக் கருகுன கமர்கட்டு மாதிரி இருந்துச்சு. அக்கா வேலிக்கிட்ட வந்து நின்னாங்க. ஒண்ணும் சொல்லல. சட்டையை மட்டும் தூக்கிக் காட்டுனாங்க.

காத்து பத்தல. இப்ப ஒரு கணக்கு வெச்சிருக்கேன். இந்த அளவு உலைன்னா ரெண்டு கிலோ கரி சுமாரா பத்து நிமிஷத்துல கீழ இறங்கணும். இருபது நிமிஷம் ஆச்சுன்னா அது உலை இல்ல, குளிர் காயற இடம்.

காத்துன்னதும் ஒண்ணு சொல்லணும். இலங்கையில சமனலவெவப் பக்கம் மலைச்சரிவுல துருத்தியே இல்லாம, பருவக்காத்தை வெச்சே இரும்பு எடுத்திருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, சரிவு சரிவா உலைங்க. ஏழாம் நூத்தாண்டுல இருந்து நாலஞ்சு நூறு வருஷம் ஓடியிருக்கு. கில் ஜுலெஃப்ங்கற தொல்லியல் அம்மா அதே மாதிரி உலை கட்டி, காத்துல ஓட்டிக் காமிச்சு, 1996ல நேச்சர் இதழ்ல எழுதுனாங்க. அது வரைக்கும், வெறுங்காத்துல அவ்வளவு சூடு வருமான்னு படிச்சவங்க தலையைச் சொறிஞ்சுட்டு இருந்திருக்காங்க. அந்த அம்மா காத்தை வெச்சுச் சாதிச்சாங்க. நான் ஹேர் டிரையரை வெச்சு ஏச்சு வாங்குனேன்.

ரெண்டாந்தடவை பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல. அவசரம். உலை காயறதுக்கு முன்னாடி நெருப்பு மூட்டிட்டேன். டப்புன்னு ஒரு சத்தம், மேல இருந்து கீழ வரைக்கும் கீறல், பக்கவாட்டுல சீறிக்கிட்டு நெருப்பு. ஈரமும் அந்தச் சூடும் சேரவே கூடாதுங்க. உலைக்கு அடியில ஈரத்தரை கூடாது. சிட்டம் ஓடற இடத்துல சொட்டுத் தண்ணி கூடாது. ஆவியாகி வெடிச்சா மூஞ்சிக்குத்தான் வரும். அன்னைக்கு நான் போட்டிருந்தது லுங்கியும் ரப்பர் செருப்பும். இப்ப காட்டன் பேண்ட், ஷூ, கண்ணாடி. அடி வாங்காம அறிவு வந்த ஒரே விஷயம் இதுதான்.

மூணாவது தடவைதான் விஷயமே.

பழைய பட்டறை ப்ளோயர் ஒண்ணு வாங்குனேன். முதல் தடவை காத்து பத்தலையா, இப்ப பாருடான்னு முழுசாத் திறந்து விட்டேன். கரியை அள்ளி அள்ளிப் போட்டேன். தாது மட்டும் பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமா. உலை உறுமுச்சு. வாசலை உடைச்சா, சத்தியமாச் சொல்றேன், வெள்ளையா, பளபளன்னு, தண்ணி மாதிரி உலோகம் ஓடி வந்துச்சு. நான் குதிச்ச குதியில பாப்பா பயந்துட்டா. இரும்பு உருகிருச்சு! நான் உருக்கிட்டேன்!

ஆறுனதும் துணியில சுத்தி ஆசாரி அய்யாகிட்ட ஓடுனேன். எங்க ஊர்ல இன்னமும் உலை ஊதற ஒரே மனுசன். எழுபது தாண்டிருச்சு. அரிவாள், கொத்து, கடப்பாரை எல்லாம் அவர் கைதான். லாரிப் பட்டையை வெட்டித்தான் அரிவாள் அடிக்கிறாரு. மண்ணுல இருந்து இரும்பு எடுக்கறதை அவரு பாத்ததில்ல, அவங்கப்பாவும் பாத்ததில்ல. "லாரிப் பட்டை கெடக்கறப்ப மண்ணை எதுக்குக் கண்ணு வறுக்கற?"ன்னு முதல் நாள்ல இருந்து சிரிக்கறவரு.

வாங்கிப் பாத்தாரு. பட்டடைக் கல்லு மேல வெச்சாரு. காய்ச்சக்கூட இல்ல, சுத்தியலால சும்மா ஒரு தட்டு.

முறுக்கு உடையற மாதிரி நாலாப் போச்சு.

"வார்ப்பு கண்ணு இது. தோசைக்கல்லு ஊத்தலாம். எனக்காகாது."

அன்னைக்கு ராத்திரி பூரா படிச்சேன். இரும்பு உருக 1,538 டிகிரி வேணும். மண் உலையில சாதாரணமா அவ்வளவு வராது. அப்பறம் எப்படி ஓடுச்சு? கரியோட ரொம்ப நேரம் ஒட்டி உறவாடுனா இரும்பு கார்பனைக் குடிக்கும். நாலு சதவீதத்துக்கு மேல குடிச்சிருச்சுன்னா 1,150 டிகிரி கிட்டவே உருகி ஓடிரும். அதுதான் வார்ப்பிரும்பு. ஓடும், பளபளக்கும், அடிச்சா உடையும். தாது கம்மி, கரி அதிகம், காத்து வெறித்தனம். நான் பண்ணுனது அத்தனையும் அதுக்கான சமையல் குறிப்பு. (சீனாக்காரங்க இதையே வேணும்னே பண்ணி, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே ஏர்க்கொழு வார்த்தாங்க. அவங்களுக்கு அது வெற்றி. ஆசாரி பட்டடையில எனக்குத் தோல்வி.)

நமக்கு வேண்டியது என்னன்னா, தாதுவுல கலந்திருக்கற கல்லும் மண்ணும் மட்டும் உருகிச் சிட்டமா வழியணும். அது 1,200 டிகிரி வாக்குல நடந்துரும். இரும்பு உருகவே கூடாது. துணுக்குத் துணுக்கா, கெட்டியாவே, குழாய்க்குக் கீழ ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் திரளணும்.

இதை அம்மாகிட்டச் சொல்லிப் புலம்பிட்டிருந்தேன். அவங்க தயிர் கடைஞ்சுட்டே, "வெண்ணெய் திரண்டு வர்றப்ப யாராச்சும் அடுப்புல வெப்பாங்களா? வெச்சா நெய்யாகிரும். நெய்யை உருட்ட முடியுமா?"ன்னாங்க.

அவ்வளவுதாங்க. மூணு மாசமா எனக்கு ஏறாதது.

நெருப்போட வேலை உருக்கறது மட்டும்னு நெனச்சதுதான் தப்பு. கரி அரைகுறையா எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடு இருக்கே, அதுதான் தாதுவுல இருந்து ஆக்சிஜனைப் பிச்சுட்டுப் போகுது. உண்மையில வேலை பாக்கறது வாயு. சூடு கூடமாட ஒத்தாசை. அந்த வாயு ஆளைக் கொல்றதும்கூட, அதனால இதைக் கொட்டாயிக்குள்ள, ஷெட்டுக்குள்ள பண்ணவே பண்ணாதீங்க. திறந்த வெளி. உலை வாயில தீப்பத்தி அந்த வாயு நீலம் கலந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கணும்.

நாலாவது தடவை. விடியறப்ப விறகு போட்டு உலையை உலர்த்துனேன். அது நல்லாக் காஞ்ச பின்னாடிதான் கரி. குழாய்க்குள்ள எட்டிப் பாத்தா மஞ்சளும் தாண்டி வெளுப்பா, கூசற மாதிரி ஆனதும் தாது. கரி ஒரு கிலோன்னா தாதுவும் ஒரு கிலோ. முதல் ரெண்டு மூணு தடவை மட்டும் பாதி. மணல் பொடிசாச்சே, வறட்டு மணலைப் போட்டா கரிக்கு நடுவுல சல்லுனு கீழ ஓடிரும். மைதாப் பசையில பிசைஞ்சு உருண்டை பிடிச்சுக் காய வெச்சிருந்தேன். சினிமா போஸ்டர் ஒட்டற அதே பசை. (எங்க வீட்டுக்கு வந்த சித்தப்பா ஒருத்தர் எள்ளுருண்டைன்னு எடுத்துட்டாரு. கடிக்கறதுக்குள்ள பிடுங்கிட்டோம்.)

மொத்தம் ஒம்பது கிலோ தாது. பதினோரு மணி வாக்குல சத்தம் மாறுச்சு. குழாய்க்கிட்ட காதை வெச்சா கொழக் கொழக்னு, குக்கருக்குள்ள பருப்பு கொதிக்கற மாதிரி. சிட்டம் குழாய் மட்டத்துக்கு ஏறிருச்சுன்னு அர்த்தம். வாசல்ல கம்பியை விட்டுக் குத்துனேன். கறுப்பா, வெல்லப்பாகு பதத்துல வழிஞ்சு வந்து, மடிப்பு மடிப்பாப் படிஞ்சு, ஆறறப்ப டிங் டிங்னு தானா வெடிச்சுது. அதைக் கையில எடுத்துப் பாத்தப்ப வயித்துக்குள்ள ஒண்ணு புரண்டுச்சு. இதே மடிப்பு, இதே கறுப்பு, இதே கனம். கொடுமணல் காட்டுல கெடக்கறது இதுதான். (ஆறுன சிட்டத்தைத் தொடறப்பக் கையுறை போடுங்க, கண்ணாடிச் சில்லு மாதிரி கிழிக்கும். இது ரத்தத்தோட கத்துக்கிட்டது.)

கடைசியா வாசலை அகலமா இடிச்சோம். ஆசாரி அய்யாவும் வந்திருந்தாரு, சிரிக்கறதுக்குன்னே. குறட்டைப் போட்டு இழுத்தா, அன்னாசிப்பழம் மாதிரி முள்ளு முள்ளா, செக்கச்செவேல்னு ஒரு கட்டி. நான் சம்மட்டியை ஓங்கிட்டேன்.

"டேய் கண்ணு, நில்றா!"

சம்மட்டி வேண்டாம்னுட்டாரு. பக்கத்துல கெடந்த வேப்பங்கட்டையை எடுத்து, அதால மெதுவா, சுத்திச் சுத்தித் தட்டுனாரு. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ள இருந்து சிட்டம் பிதுங்கித் தெறிச்சுது. கட்டை புகைஞ்சுது. பஞ்சு மாதிரி இருந்தது கொஞ்சம் கொஞ்சமா இறுகுச்சு. முதல்ல பொத் பொத்னு சத்தம். பத்து நிமிஷம் கழிச்சு ணங்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க. அவரு நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு.

இந்த வேலையை வாழ்க்கையில பாத்திராத மனுசன், கட்டையை எடுக்கணும்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? கேட்டேன். "உதிர்றதை ஓங்கியா அடிப்பாங்க?"ன்னுட்டுப் போயிட்டாரு.

2.3 கிலோ. மறுநாள் அவரு பட்டறையில காய்ச்சி, மடிச்சு, ஒட்டி, மறுபடி மடிச்சு, ஒவ்வொரு தடவையும் செதிலாவும் சிட்டமாவும் போயி, கடைசியில 800 கிராம் பட்டை நின்னுச்சு. ஒம்பது கிலோ மணல், முப்பது கிலோ கரி, நாலு மாசம். மச்சான் கணக்குப்படி ஐம்பத்தஞ்சு ரூவா சமாச்சாரம்.

காசு கணக்குன்னா ஜோசையா மார்ஷல் ஹீத் ஞாபகம்தான் வருது. சேலத்துத் தாதுவை நம்பி வேலையை விட்டுட்டு, 1830ல பரங்கிப்பேட்டையில பெரிய உலையே போட்ட வெள்ளைக்காரர். மூலதனம், கம்பெனி ஆதரவு எல்லாம் இருந்தும் நிலைக்கல, பின்னாடி மூடிட்டாங்க. அவருக்கே வராத லாபம் எனக்கா வரப்போகுது?

அடுத்து, "அப்ப உருக்கு எப்பப் பண்ணுவ?"ன்னு கேக்கற ஆளுங்க. வெள்ளைக்காரன் ஊட்ஸ்னு சொன்னானே, ஃபாரடே வரைக்கும் ஆராய்ச்சி பண்ணுனானே, அந்தச் சரக்கு. அதுக்கு இந்த இரும்பை எடுத்து மண் குகையில (உலோகம் காய்ச்சற சின்னச் சட்டி) போட்டு, ஆவாரங்கட்டையும் எருக்க இலையும் வெச்சு, வாயைப் பூசி மூடிக் காய்ச்சியிருக்காங்க. அங்க உருகணும்தான். எவ்வளவு கார்பன் ஏறணும்னு மூடுன சட்டிக்கு வெளிய இருந்தே தெரிஞ்சு வெச்சிருந்த கையிங்க அது. எனக்கு இப்பத்தான் வெண்ணெய் திரண்டிருக்கு, ஆளை விடுங்க.

அந்த 800 கிராம்ல அடுப்படி விட்டத்துல மாட்ட ஒரு கொக்கி அடிச்சுக் கொடுத்தாரு. கூலி வேண்டாம்னுட்டு, வெட்டுன துண்டு ஒண்ணை மட்டும் மடியில முடிஞ்சுக்கிட்டாரு. கொக்கியில அம்மா வெங்காயக்கூடையை மாட்டியிருக்காங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் நான் காட்ட, அவங்க வெங்காயத்தைப் பாக்கறாங்க.

அஞ்சாவது தடவைக்கு ஆடி வரட்டும்னு இருக்கேன். பாலக்காட்டுக் கணவாய் வழியா அப்ப எங்க பக்கம் அடிக்கற காத்து உங்களுக்குத் தெரியுமே. ப்ளோயர் இல்லாம, மேக்க பாத்த சரிவுல ஒரு உலை, அந்த இலங்கைக்காரங்க மாதிரி. மேட்டுல இடம் பாத்தாச்சு. கரி மூணு மூட்டை சொல்லியாச்சு.

அக்காகிட்ட மட்டும் இன்னும் சொல்லல. அன்னைக்கு ஒரு நாள் துணியை வேற பக்கம் காயப்போடச் சொல்லணும்.